கடைசி ஓடம் இறங்கிய பிறகு

இந்த ஊரில் சனிக்கிழமை காலையில் வெளியே கிளம்பினால், யாராவது ஒருவர் தன் வீட்டுச் சாமான்களைத் தெருவோரம் பரப்பி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குடித்துப் பழகிய காப்பிக் கோப்பை, பிள்ளை ஓட்டி முடித்த சைக்கிள், இறந்துபோன அப்பாவின் சட்டைகள். எல்லாவற்றிலும் சின்னச் சீட்டில் விலை ஒட்டியிருக்கும். கராஜ் சேல் என்பார்கள். ஃப்ளோரிடாவின் இந்தக் கடலோர ஊருக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து நான் கூசிப்போனேன். நாமக்கல் பக்கம் என் சொந்த ஊர் மோகனூரில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் தன் குண்டாவையும் போர்வையையும் வாசலில் போட்டு விற்றால், அந்த வீட்டுக்கு என்ன கேடு வந்ததோ என்று ஊரே கூடிவிடும். இங்கே அது ஒரு பொழுதுபோக்கு. விற்பவரும் சிரிக்கிறார், வாங்குபவரும் சிரிக்கிறார். போகப்போக எனக்கும் பழகிவிட்டது. என் மகள் தாரணி பிறந்தபோது அவளுக்குத் தொட்டில் வாங்கியதே அப்படி ஒரு வாசலில்தான்.

ஒரே ஒரு கோடையில் மட்டும் அது பொழுதுபோக்காக இல்லை. மனிதர்களை ஏற்றிக்கொண்டு விண்வெளிக்குப் போய், விமானம் போலத் திரும்பி வந்து தரையிறங்கும் ஓடங்களை இந்த நாடு நிறுத்திய கோடை அது. எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகள் அந்த ஓடங்களை நம்பிக் கட்டப்பட்டவை. வரிசையாக எல்லா வாசலிலும் சாமான் கிடந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. விற்பவர்களே ஒருவர் வாசலுக்கு ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நானும் என் வாசலில் நாற்காலி போட்டிருந்தேன். வெளியூர்க்காரப் பெண் ஒருத்தி எங்கள் கிரைண்டரின் முன் வெகுநேரம் நின்றாள். "இது சிமெண்ட் கலக்கவா?" என்று கேட்டாள். "இல்லை, இட்லிக்கு" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இத்தாலியா! என் அக்கா போன வருடம் போயிருந்தாள். என்ன அழகான நாடு!" நான் திருத்தவில்லை. கல்லை எடுத்துவிட்டுப் பூச்செடி வைக்கப்போவதாகச் சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சரோஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க, நம்ம கிரைண்டரு இத்தாலிக்குப் போயிருச்சுங்களா?" என்றாள். சிரிப்பு இருமலாக மாறி, அந்த இருமல் அடங்க நேரமாயிற்று. அவள் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது.

என் வேலை என்ன என்று ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. அப்பா இருந்தவரை, ஆலைக்குக் கரும்பு கொண்டுபோகும் இடத்திலெல்லாம் "பையன் அமெரிக்காவுல ராக்கெட் உடறானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதையும் விட்டதில்லை. ஓடம் வந்து இறங்கிய பிறகுதான் என் வேலை தொடங்கும். அது ரன்வேயில் நின்றதும் ஒரு கூட்டம் வண்டிகள் அதை நோக்கிப் போகும். முதல் வண்டியில் நாங்கள் நாலைந்து பேர், உடம்பு முழுக்க மூடிய உடையில். ஓடத்தைச் சுற்றி நச்சு வாயு கசிகிறதா என்று கருவியை நீட்டிச் சோதிப்போம். எங்கள் ஆள் கைகாட்டினால்தான் கதவைத் திறப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் இந்தப் பூமிக் காற்றைச் சுவாசிப்பார்கள். அந்த வண்டியை ஓட்டியவன் ரே. இதே கரையில் பிறந்து வளர்ந்தவன், எங்கள் அடுத்த தெரு.

ஓடம் இறங்க வரும்போது வானத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடிச்சத்தம் கேட்கும். ஜன்னல் கண்ணாடி அதிரும். கல்யாணமாகி வந்த புதிதில் சரோஜா அதைக் கேட்டுக் கரண்டியோடு வாசலுக்கு ஓடியிருக்கிறாள். அவள் ஓமலூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள். கிணறு வெட்டுகிறவர்கள் பாறைக்கு வேட்டு வைத்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திய நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. அப்படிப் பயந்தவள்தான், சில வருடங்களில் என்னைவிட இந்த ஊர்க்காரி ஆனாள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கூட உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகள் அவளை "மிஸ் ரோஜா" என்று கூப்பிட்டன. கடைத்தெருவில் அவளோடு நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்திப் பேசுவார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

கடைசி ஓடம் விடியும் நேரத்தில் இறங்கியது. எப்போதும் போலச் சுற்றி வந்து சோதித்தோம். எதுவும் கசியவில்லை. கைகாட்டினோம், கதவு திறந்தது, உள்ளே இருந்தவர்கள் இறங்கிக் கைகுலுக்கிப் போனார்கள். மற்ற நாட்களில் அதன் பிறகு எல்லோரும் அவரவர் வேலைக்குப் பறப்பார்கள். அன்று யாரும் நகரவில்லை. வயதான ஒரு மெக்கானிக் சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். ரே என்னிடம் சொன்னான்: "இனிமேல் முதலைதான் இந்த ரன்வேயில் வந்து வெயில் காயும்." அது வேடிக்கைப் பேச்சல்ல. ஓடம் வரும் முன்பு முதலைகளை விரட்டிவிட உண்மையிலேயே ஆள் வைத்திருந்தார்கள்.

சில வாரத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். மேசையில் இருந்ததை அதில் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். வண்டி நிறுத்துமிடத்தில் ரே என் தோளைத் தட்டினான். "உனக்குப் பரவாயில்லை மணி. திரும்பிப் போக உனக்கு ஓர் ஊர் இருக்கிறது" என்றான். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியில் வந்தவன், நான் இன்னும் கிளம்பிப்போக வேண்டியவன் என்றே நினைத்திருக்கிறானா? ஏதோ வெடுக்கென்று சொல்ல வாயெடுத்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தான் பிறந்த ஊரின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். போவதற்கு அவனுக்கு வேறு ஊர் இல்லை. இருந்த ஊர்தான் அவன் காலடியில் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. சரோஜாவுக்கு வந்திருந்தது நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் நோய். மாற்று நுரையீரலுக்குப் பெயர் பதிந்து வைத்திருந்தோம். இந்த நாட்டில் காப்பீடு இல்லாதவர் பெயர் அங்கே நிற்காது. மருத்துவமனையிலிருந்து பேசிய பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். வருத்தமாக இருக்கிறது என்று பலமுறை சொன்னாள். சேலத்தில் நல்ல டாக்டர் இருக்கிறார், ஆக்சிஜன் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், வீட்டில் ஆள் இருக்கிறது என்று என் தம்பி செல்வராசு போனில் சொன்னதும் நான் முடிவெடுத்தேன். சரோஜாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் கேட்டாள்:

"நான் எதுக்குங்க அங்க வரோணும்?"

"நம்ம ஊருதானே சரோஜா."

"உங்க ஊருங்க. நான் மோகனூர்ல ஒரு வருசம்கூட இருந்ததில்ல. இங்கதான் எம் பொண்ணு இருக்கா. இங்கதான் எனக்கு எல்லாரையும் தெரியும்."

வேறு வழி இல்லை. தாரணிக்குப் பள்ளி முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. ரேயின் மனைவி டோனா தானாக வந்து, பெண்ணை எங்கள் வீட்டில் விட்டுப் போங்கள் என்றாள். அவர்கள் வீட்டு வாசலிலும் அப்போது சாமான் பரப்பியிருந்தது. வேலையில்லாத வீட்டில் ஒரு வாய் கூடுகிறதே என்று நான் தயங்கினேன். "இவள் சாப்பிடுவதே குருவி மாதிரி" என்று டோனா சொல்லிவிட்டாள். விமான நிலையத்தில் தாரணி அம்மாவைக் கட்டிக்கொண்டு, குழாய் நசுங்கிவிடுமோ என்று பயந்து உடனே விலகினாள்.

மோகனூரில் எங்களை எல்லோரும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். செல்வராசின் மனைவி மரகதம், சரோஜா கையால் ஒரு டம்ளர்கூட எடுக்க விடவில்லை. பார்க்க வந்தவர்கள் அவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பி ராக்கெட்டைப் பற்றிக் கேட்டார்கள். ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் விடவே இல்லை.

"அமெரிக்காக்காரனுக்கே கட்டுபடியாகலீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நெலாவுக்குப் போனதெல்லாம்?"

"அது அப்பவேங்க. நான் கொழந்தையா இருக்கையில."

"அப்பவே போக முடிஞ்சது, இப்ப எப்படிங்க முடியாமப் போகும்?"

அவர் போனதும் சரோஜா தலையணையில் சாய்ந்தபடி சொன்னாள்: "இங்க யாரும் எனக்கு ஒரு கொறையும் வெக்கலீங்க. ஆனா அங்க எங் கார் சாவி எங் கையில இருந்துச்சு."

அந்த வருடம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று ஊரில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எப்போது போகும், எப்போது வரும் என்றே தெரியாது. ஆக்சிஜன் மிஷினுக்குக் கரண்ட் இல்லாமல் ஆகாது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு சிலிண்டர், சிலிண்டருக்கு நாமக்கல் போக வேண்டும். இரவில் மின்விசிறி நின்றால் எழுந்து மிஷினைப் பார்க்க ஓடினேன். ஒரு நாள் செல்வராசு டெம்போவில் ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து கொல்லையில் இறக்கினான். வாடகைக்கு எடுத்ததாகச் சொன்னான். அதன் இரைச்சலில் பேச்சே கேட்காது. ஆனால் அன்றிலிருந்து நான் தூங்கினேன்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கோழிப்பண்ணைக்குப் போனேன். மோகனூரிலிருந்து நாமக்கல் போகிற வழியில் அவனுடைய முட்டைக்கோழி ஷெட்டுகள். வேலையாட்கள் கூண்டிலிருந்து செத்த கோழிகளை இழுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெட்டின் வாசலில் சாக்குகள் அடுக்கிக் கிடந்தன. கூரைக்குத் தண்ணீர் தெளிக்கும் மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டர் இருந்த சிமெண்ட் மேடை காலியாக இருந்தது. எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"வாடகைக்கு எடுத்தேன்னு சொன்னியே செல்வராசு?"

"எல்லாரும்தான் ஜெனரேட்டர் கேக்கறாங்க. எங்கீங்கண்ணா வாடகைக்குக் கெடைக்குது?"

"இத்தனை கோழியும் போச்சேடா."

"கோழி போனா அடுத்த பேட்ச் எறக்கிக்கலாங்கண்ணா. அதுக்கெல்லாம் வெசனப்படாதீங்க." சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டான். "அண்ணிகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அப்பறம் மிஷினை நிறுத்தச் சொல்லுவாங்க."

நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் அப்படித்தான் செய்வாள் என்று எனக்கும் தெரியும்.

ஆனி மாதத்தில் சரோஜா இறந்தாள். அப்போது கரண்ட் இருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மரகதம் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, "போதும் மரகதம், செத்த படுத்துக்கறேன்" என்று சொல்லிப் படுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எதையெல்லாமோ செய்திருக்கலாம் என்று இன்று நினைக்கவும் வழியில்லாதபடி எல்லாம் சரியாக இருந்தது. அது இன்னும் கொடுமையாக இருக்கிறது.

ரே வீட்டுக்குப் போன் செய்தேன். டோனா எடுத்தாள். அழுது முடித்து, எந்த ஹோமில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"வீட்டில்தான்" என்றேன்.

"சரி, எந்த ஹோம்?"

"எங்கள் வீடு, டோனா. கூடத்தில்."

இறந்தவரை ஃப்யூனரல் ஹோமில் நாள்கணக்கில் வைத்துப் பார்க்கும் ஊர்க்காரிக்கு அது புரியவில்லை. தாரணி வர எப்படியும் இரண்டு நாள் ஆகும், அதுவரை காத்திருப்பீர்கள்தானே என்று கேட்டாள். காத்திருப்போம் என்றுதான் நானும் சொன்னேன். ஐஸ் பெட்டி எடுத்து வந்தார்கள். சாயங்காலம் கரண்ட் போயிற்று. இத்தனை மாதம் ஓய்வில்லாமல் ஓடிய ஜெனரேட்டர் சிறிது நேரம் இழுத்து ஓடி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்து, பாகம் ஈரோட்டிலிருந்து வர வேண்டும் என்றான். வேறு ஜெனரேட்டருக்கு அலைந்தார்கள், கிடைக்கவில்லை. ஓமலூரிலிருந்து வந்திருந்த சரோஜாவின் அண்ணன் பழனிசாமி மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மச்சான், இதுக்கு மேல வெச்சிருந்தா எந் தங்கச்சிக்கு நாம மரியாதை பண்ணலைன்னு ஆயிருமுங்க." நான் தலையாட்டினேன். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தாரணி அடுத்த நாள் காலையில் வந்து இறங்கினாள். பந்தலையும் கழுவிவிட்ட கூடத்தையும் பார்த்தாள். பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அவர்கள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஒரு நாள் வெயிட் பண்ண முடியலையாப்பா?" அவளுக்கு வரும் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். கரண்ட் இல்லை என்று சொன்னேன். உலகத்தில் எந்தப் பிள்ளையிடமும் யாரும் சொல்லக்கூடாத பதில் அது. விண்வெளியிலிருந்து வந்தவர்களை வரவேற்ற அப்பா கரண்ட் இல்லை என்கிறார். அதற்குப் பிறகு ஆற்றுக்குப் போகும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

மகள் இருக்கும் நாடு என்று திரும்பி வந்து, இப்போது நான் மறுபடி இந்தக் கடலோர ஊரில்தான் இருக்கிறேன். சாமான் விற்ற வீடுகளில் புதிய ஆட்கள் வந்துவிட்டார்கள். தனியார் கம்பெனிகள் வந்து, மனிதர்கள் மறுபடி மேலே போகிறார்கள். இப்போது கடலில் வந்து விழுகிறார்கள். ரேயை ஒரு கம்பெனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அவன் மகன் வயதிலிருந்த ஒருவன், கப்பல் ஓட்டத் தெரியுமா என்று கேட்டு அனுப்பிவிட்டான். ரேயும் டோனாவும் வீட்டை வங்கியிடம் விட்டுவிட்டு ஜார்ஜியா பக்கம் போய்விட்டார்கள். நான் ஒரு ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கலந்து கொடுக்கிறேன். தாரணி வடக்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. மாதம் ஒருமுறை பேசுகிறாள், சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும். நம் நாடும் மேலே ஆளை அனுப்பப்போகிறதாமே, இங்கே வந்துவிடலாமே என்று ஊரிலிருந்து இன்னும் கேட்கிறார்கள். அறுபதை நெருங்குகிறவனை எதற்கு எடுப்பார்கள்? இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்பவர்களுக்குப் பதிலாகச் சொல்கிறேன். என்னைப் போல வெளியே இருப்பவர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரியும்.

ஆற்றுக்குப் போன காலையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியவில்லை. சாம்பலும் எலும்பும் இருந்த சட்டியை நான் தூக்கிக்கொண்டேன். பழனிசாமி, செல்வராசு, இன்னும் சில உறவுக்காரர்கள் வந்தார்கள். பெண்பிள்ளைகள் அங்கே வருவதில்லை என்று யாரோ சொன்னார்கள். தாரணி எங்கள் பின்னால் நடந்தாள். பிறகு யாரும் தடுக்கவில்லை. அந்த வருடம் காவிரியில் தண்ணீர் இல்லை. கரையிலிருந்து வெகுதூரம் மணலில் நடந்து ஒரு தேங்கலைக் கண்டோம். கணுக்கால் ஆழம்தான். அடியில் பாசி தெரிந்தது. நான் இறங்கி நின்று பாதியைக் கவிழ்த்தேன்.

சாம்பல் போகவில்லை. என் காலைச் சுற்றி அப்படியே நின்றது. ஒரு பகுதி மிதந்தது, ஒரு பகுதி மணலில் படிந்தது. தாரணி ஜீன்ஸோடு இறங்கி வந்து பார்த்தாள். குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினாள். சாம்பல் கொஞ்சம் நகர்ந்து மறுபடி எங்களிடமே வந்தது. "போக மாட்டேங்குது" என்றாள். வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசிய இரண்டாவது வாக்கியம்.

"போயிருஞ் சாமி. மேல தண்ணி உட்டாங்கன்னா தானாப் போயிரும்" என்றார் கரையில் நின்ற பழனிசாமி.

அவள் என் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டாள். தூரத்தில், கரூர்ப் பக்கத்துக் கரையை ஒட்டி, வெயிலில் ஒரு கோடு மினுங்கியது. அங்கே கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து மணலில் ஏறி நடக்க ஆரம்பித்தாள்.

"கண்ணு, அங்க போகாத! மணல் அள்ளுன குழியெல்லாம் இருக்குது!" என்று செல்வராசு கத்தினான். அவள் திரும்பவில்லை. அவன் என்னைக் கூப்பிட்டான்: "அண்ணா, கூப்புடுங்கண்ணா அவள! நீங்க இந்தப் பக்கம் வாங்க!"

நான் தேங்கலை விட்டு வெளியே வந்தேன். சாம்பல் கணுக்கால்வரை ஒட்டியிருந்தது. மணல் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. முன்னால் என் மகள், சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிறியதாகிக்கொண்டே போனாள். பின்னால் என் தம்பி, கையை வாயில் குவித்து, அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவள் கால் பதிந்த இடத்திலேயே என் காலையும் வைத்து நடந்தேன்.